சிங்கப் பாலத்தில் வெள்ளோட்டம்

இவாசே வாயைத் திறந்தால் யோதோ ஆறு ஒரு நிமிடம் நின்று கேட்டுவிட்டுத்தான் கடலுக்குப் போகும் என்று ஒசாகாவில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவரே இவாசேதான் என்பது வேறு விஷயம். உமேதாவில் ஒரு பெரிய கடைக்கட்டடத்தின் கீழ்த்தளத்தில் சின்ன மேடை போட்டு, காலமெல்லாம் ஒட்டாத வாணலி விற்றவர் அவர். முட்டையை உடைத்து ஊற்றி, அது பனிச்சறுக்குக்காரனைப் போல வழுக்கி ஓடுவதைக் காட்டி, "அம்மா, இந்த வாணலியில புருஷனைப் போட்டு வதக்கினாக்கூட ஒட்டமாட்டான்!" என்பார். பெண்கள் சிரித்துக்கொண்டே ஆளுக்கு இரண்டு வாங்கிப் போவார்கள். வீட்டில் ஏற்கெனவே இருப்பதும் ஒட்டாத வாணலிதான் என்பது ரயில் ஏறிய பிறகுதான் அவர்களுக்கு நினைவு வரும்.

வாணலிக்கு அடுத்தபடியாக அவருக்கு இருந்த பைத்தியம் புகைப்படம். உள்ளே கண்ணாடி வைத்த, செங்கல் கனத்தில் ஒரு பழைய ஃபிலிம் கேமரா. ஓய்வு பெற்றதும் அந்தப் பைத்தியம் முற்றியது. பேட்டைப் புகைப்படச் சங்கத்தில் அவருக்கு 'ஓரத்து இவாசே' என்று பெயர். ஆளை நடுவில் நிறுத்துவதெல்லாம் பாஸ்போர்ட்டுக்குத்தான், படத்துக்கு ஆள் ஓரத்தில் நிற்க வேண்டும் என்பது அவர் கொள்கை. ஒரு கல்யாணத்தில் மணமகளைக் கொண்டுபோய் ஓரத்தில் நிறுத்தி, நடுவில் ஒரு கிழட்டுப் பைன் மரத்தை ஜம்மென்று எடுத்துக் கொடுத்தார். அந்தக் குடும்பம் இன்றுவரை அவரோடு பேசுவதில்லை. "கலை தெரியாதவங்க," என்று இவாசே சொல்லுவார். "மரத்துக்குத்தான் கல்யாணம்னு ஊருக்கே தெரிஞ்சுபோச்சு," என்று அவர் மனைவி கினுயோ சொல்லுவாள்.

சொல்லிவிட்டுச் சிரிப்பாள். சிரிக்கும்போது கை எழும்பி வாயை மூடிக்கொள்ளும். அவள் தலைமுறைப் பெண்கள் எல்லோரும் செய்வதுதான். ஆனால் கினுயோவின் கைக்கு இருந்த வேகம் ஒசாகாவிலேயே யாருக்கும் கிடையாது. முன்பல் ஒன்று கொஞ்சம் குறுக்கே முளைத்தது, பள்ளியில் யாரோ எதையோ சொல்லிவிட்டார்கள், அன்றிலிருந்து கை காவல் காக்கிறது. செர்ரி மரத்தடியில் கினுயோ, வாயில் கை. கடற்கரையில் கினுயோ, வாயில் கை. பனிக்கு நடுவே கையுறையோடு ஒரு கை. சிரிக்காத நேரத்திலோ அவள் முகம் வாடகை வசூலிக்க வந்தவள் முகம் மாதிரி இருக்கும். ஆல்பம் ஆல்பமாகப் படம் எடுத்தும், வீட்டில் கினுயோவின் கைக்குத்தான் படங்கள் இருந்தனவே தவிர, கினுயோவுக்கு ஒன்றுகூட இல்லை.

அந்த வசந்தத்தில் அவளுக்கு இதயம் தகராறு பண்ண ஆரம்பித்தது. மருத்துவமனைக்குப் போய்வருவது வாடிக்கையானது. வரும் வழியில் கித்தாஹாமாவில் ஒரு உடோன் நூடுல்ஸ் கடை. ஒருநாள் அங்கே நூடுல்ஸை ஊதிக்கொண்டே கினுயோ சொன்னாள்.

"ஏங்க, எனக்கு ஒரு படம் எடுத்து வைங்களேன்."

"படமா? ஒரு லாரி நிறைய இருக்கே!"

"அதுல எல்லாம் கைதானே இருக்கு. நாளைக்குச் சாவு வீட்டுல கறுப்பு ரிப்பன் கட்டி வைக்க ஒரு மூஞ்சி வேணாமா?"

"வாயக் கழுவுடி முதல்ல."

"கழுவிக்கிட்டேதான் இருக்கேன், இது சூப்பு," என்றாள் அவள். "நம்ம தெரு மொரிதா சான் வீட்டுல பாத்தீங்கல்ல? அவங்க வீட்டுக்காரருக்குத் தனியா ஒரு படம் இல்லாம, கூட்டத்துல நின்ன படத்துலேர்ந்து தலைய மட்டும் வெட்டி எடுத்தாங்க. பக்கத்துல நின்ன ஆளோட தோளும் ஒட்டிக்கிட்டே வந்துடுச்சு. சாவு வீட்டுல எல்லாரும் அழறத விட்டுட்டு, தோள் யாரோடதுன்னுதான் பேசிக்கிட்டாங்க. என்னால அந்தக் கூத்தெல்லாம் முடியாது."

பக்கத்து மேசைக்காரர்கள்கூடச் சிரித்தார்கள். கினுயோவும் சிரித்தாள், கை காவலோடு. இவாசே மட்டும் கிண்ணத்துக்குள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். மருத்துவர் அன்று அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தது அந்தச் சூப்பில் மிதந்துகொண்டிருந்தது.

சொல்லவேண்டிய எதையும் சொல்லாமல், அவர் தனக்குத் தெரிந்த வழியில் பேச்சைத் திருப்பினார்.

"எடுத்துட்டாப் போச்சு. ஆனா அந்தப் பழைய செங்கல்லால எடுத்தா உன் கை முந்திக்கும். நிவா கடையில புதுசா ஒண்ணு வந்திருக்கு. சத்தமே கிடையாது. பூனை கண் சிமிட்டற மாதிரி."

"அப்படிப் போடுங்க! என் சாவச் சாக்கு வச்சு ஒரு கேமரா!"

நிவா கடை ஆற்றோரத்தில், மருத்துவமனைக்கும் உடோன் கடைக்கும் நடுவே இருந்தது. அலமாரி அகலத்துக்கு ஒரு கடை. இந்தக் காலத்தில் புத்தம்புதிதாக ஒரு ஃபிலிம் ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா வந்திருக்கிறது என்றால், அதைப் பார்க்கவென்றே வடகோடி ஹொக்கைதோவிலிருந்து கிழவர்கள் நடந்தே வருவார்கள் என்று இவாசே சொல்லிக்கொண்டிருந்தார். உண்மையில் வந்தது அவரும் வேறு சிலரும்தான். விலையைக் கேட்டதும் எல்லோருக்கும் ரயிலுக்கு நேரமாகிவிடும்.

ஆனால் நிவாவிடம் ஒரு வழக்கம் இருந்தது. வாங்குவதற்கு முன்னால் கேமராவை எடுத்துப் பார்க்கலாம். அதற்கென்று தனியாக ஒரு கேமராவில் எப்போதும் ஃபிலிம் சுருள் மாட்டியே வைத்திருப்பார். வருகிறவர் ஏதாவது ஒரு பொருளை ஈடாக விட்டுவிட்டு, பக்கத்துப் பாலம் வரைக்கும் போய் இரண்டு மூன்று படம் எடுத்துவிட்டுத் திருப்பித் தரவேண்டும். அடுத்து வருகிறவர் அதே சுருளில் தொடர்வார். பொதுக் குளியல் தொட்டி மாதிரி, எல்லோரும் ஒரே தண்ணீரில். சுருள் முடிந்ததும் நிவா கழுவிப் பிரதி போட்டு அவரவர் வீட்டுக்கு அனுப்பிவைப்பார். தன் படம் நன்றாக வந்திருந்தால் மனிதன் கேமராவை வாங்கிவிடுவான் என்பது அவர் கணக்கு.

ஜூலைக் கடைசியில், ஆறு ஆவி பறக்கிற ஒரு மத்தியானம், இவாசே தன் தொப்பியை ஈடாக வைத்தார்.

"தொப்பி தேவல," என்றாள் கினுயோ. "தலையக் கேட்டிருந்தா ஈடு செல்லுபடி ஆகியிருக்காது."

நிவா சிரிப்பை அடக்கிக்கொண்டு, துணி விரித்த மேசைமேல் கேமராவை வைத்தார். குட்டியாக, கறுப்பாக, ஆற்றுக்கல் மாதிரி வழவழவென்று இருந்தது. "இவாசே சான், ரெண்டே விஷயம்தான். உங்க பழைய கேமராவுல லென்ஸ் வழியாவே பாப்பீங்க. இதுல பாக்கறதுக்குத் தனி ஜன்னல். அதனால லென்ஸ் மூடி போட்டிருந்தாலும் ஜன்னல்ல எல்லாம் பளிச்சுனு தெரியும். மூடிய மறந்துடாதீங்க."

இவாசே உடனே மூடியைக் கழற்றிக் கினுயோவின் கையில் கொடுத்தார். "பாத்துக்க. இதுதான் உன் வேலை."

"ரெண்டாவது, ஜன்னலுக்குள்ள வெள்ளைக் கோடு போட்டு ஒரு சட்டம் தெரியும். அந்தச் சட்டத்துக்குள்ள..."

"தெரியும், தெரியும்!" என்று இவாசே கையை வீசினார். "என் பழைய கேமராவுலயும் கோடு உண்டு. ஓரம் கோணாம இருக்கத்தானே? தம்பி, நீங்க உங்க அம்மா முதுகுல தொங்கிக்கிட்டு இருந்த காலத்துலயே நான் ஃபிலிம் கழுவினவன்."

"அவரு முடிக்கட்டுமே," என்றாள் கினுயோ.

"முடிச்சுட்டாரு. வா."

நானிவா பாலத்தின் இரு முனையிலும் கல் சிங்கங்கள் உட்கார்ந்திருக்கும். ஒன்று வாயைத் திறந்தபடி, ஒன்று மூடியபடி. ஒசாகாக்காரர்கள் பாலத்தின் பெயரை விட்டுவிட்டுச் சிங்கப் பாலம் என்றே சொல்வார்கள். கினுயோ வெயில்குடையை விரித்துக்கொண்டு, யோசிக்காமல் வாய் திறந்த சிங்கத்தின் பக்கத்தில் போய் நின்றாள்.

"ஏன் அது?"

"பழகின மூஞ்சி. எப்பவும் தொறந்தே இருக்கு."

இவாசே கேமராவைக் கண்ணில் வைத்தார். பழைய கேமராவில் உலகம் கிணற்றுக்குள் தெரிவது மாதிரி தெரியும். இது துடைத்த ஜன்னல். சிங்கம், ஆறு, குடை, கினுயோ, அவளுக்கு அப்பால் போகிற சைக்கிள்காரன் வரை எல்லாம் பளபளத்தது. வெள்ளைக் கோடுகள் நடுவில் மெல்ல மிதந்தன. அவற்றுக்குள் ஒரு சின்ன மஞ்சள் கட்டம். அதில் மட்டும் எல்லாமே இரண்டிரண்டாகத் தெரிந்தன. அதைக் கினுயோவின் முகத்துக்குக் கொண்டுபோனார்.

"ஐயோ, ரெண்டு கினுயோ! ஒண்ணையே என்னால சமாளிக்க முடியல!"

"சோறு ஆக்க ஒருத்தி, உங்க பேச்சக் கேக்க ஒருத்தி. நல்லதுதானே."

லென்ஸின் வளையத்தைத் திருப்பினார். இரண்டு கினுயோவும் மெல்ல நகர்ந்து, ஒருத்திமேல் ஒருத்தி ஏறி, ஒரே கினுயோ ஆனார்கள். பிறகு தன் கொள்கைப்படி, சிங்கத்தை நடுவில் நிறுத்தி, அவளை ஜன்னலின் ஓரத்துக்குக் கொண்டுவந்தார்.

"கொஞ்சம் சிரி."

"இந்த வெயில்ல என்ன சிரிப்பு?" ஒரு கையில் குடை. இன்னொரு கையில் லென்ஸ் மூடி. அவள் மூடியைப் பார்த்தாள், சிங்கத்தைப் பார்த்தாள், இவாசேயைப் பார்த்தாள். "இந்த மூடிய யாருக்குப் போடணும்னு நிவா சானுக்குத் தெரியல," என்று சொல்லி, கையை எட்டி நீட்டி, சிங்கத்தின் திறந்த வாய்க்கு நேராக மூடியைத் தூக்கிப் பிடித்தாள். தன் நகைச்சுவையில் தானே மாட்டிக்கொண்டு சிரித்தும்விட்டாள். இரண்டு கையும் வேலையாக இருந்தன. காவலுக்கு ஒருவரும் இல்லை. குறுக்குப் பல் வெயிலில் வெளியே வந்தது.

இவாசே அழுத்தினார்.

பூனை கண் சிமிட்டியது. பழைய கேமராவில் அழுத்தும்போது உள்ளே கண்ணாடி எழும்பி ஜன்னல் இருண்டுவிடும். படம் விழுகிற அந்தக் கணத்தை மட்டும் எடுக்கிறவன் பார்க்க முடியாது. இது இருளவே இல்லை. கினுயோ சிரித்துக்கொண்டே இருந்தாள்.

"நீ மறையலடி!" என்று கத்தினார் இவாசே. "அழுத்தினப்போ நீ மறையவே இல்ல!"

"அப்போ இத்தனை வருஷமா நான் மறைஞ்சுக்கிட்டா இருந்தேன்?"

"ஆமா! ஒவ்வொரு தடவையும்!"

"நல்ல புருஷன்தான் போங்க," என்று சொல்லிக் குடையைச் சாய்த்துக்கொண்டாள்.

அவ்வளவுதான். அந்த ஒரு படம் போதும் என்று இவாசே கேமராவைத் திருப்பிக் கொடுத்தார். சுருளில் பாதிக்குமேல் பாக்கி இருந்தது. முடிந்ததும் அனுப்புகிறேன் என்றார் நிவா. உடோன் கடையில் கினுயோ கேட்டாள்.

"வாய மூட மறந்துட்டேன்ல?"

"முழுசா பாத்தேன். பல்லு உள்பட."

"ஐயய்யோ. அதையா ரிப்பன் கட்டி வைக்கப்போறீங்க?"

"அதையேதான்."

அவள் நூடுல்ஸைச் சுற்றினாள். பிறகு, "சரி, இருந்துட்டுப் போகட்டும். அப்புறம் யாரு எங்கிட்ட வந்து பல்லப் பத்திக் கேக்கப்போறாங்க," என்றாள்.

ஆகஸ்ட் நடுவில், முன்னோர்கள் வீட்டுக்கு வந்துபோகும் நாட்களில், ஊரே கதவடைத்துச் சொந்த ஊருக்குப் போயிருந்தபோது கினுயோ போய்விட்டாள். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள், இவாசேயின் சட்டை ஒன்றைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டாள்.

இவாசே நிவா கடைக்குத் தொலைபேசி அடித்தார். மூடிய கடைக்குள் மணி அடித்துக்கொண்டே இருந்தது. திரும்பத் திரும்ப அடித்தார். அடக்கச் சேவை இளைஞன் பக்கத்தில் பணிவாக முழங்காலிட்டு, "படம் ஏதாவது..." என்றான். ஆல்பங்களைப் புரட்டினார்கள். கை, கை, கை. கடைசியில் மொரிதா அம்மாளே தன் வீட்டிலிருந்து ஒரு படத்தைக் கொண்டுவந்தாள். வெந்நீரூற்றுப் பயணத்தில் அக்கம்பக்கத்துப் பெண்கள் வரிசையாக நிற்கும் படம். இளைஞன் கணினியில் வெட்டி, ஒட்டி, கினுயோ வாழ்நாளில் உடுத்தாத ஒரு கறுப்பு கிமோனோவை மாட்டிவிட்டான். வாடகை வசூலிக்க வந்த முகம். பின்னணியில் நீலநிற மூடுபனி. இடது ஓரத்தில் மட்டும் அவன் எவ்வளவு அழித்தும் போகாத ஒரு வளைவு. மொரிதா அம்மாளின் தோள்.

வந்தவர்கள் எல்லோரும் அந்தப் படத்தைக் குனிந்து வணங்கினார்கள். இவாசேயும் வணங்கினார். யாரோ தெரியாத அம்மாளுக்கு மரியாதை செய்வதுபோல இருந்தது.

கடை திறந்த அன்றைக்கே போனார். நிவா விஷயத்தைக் கேட்டு, மேசைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, தரையைத் தொடுகிற மாதிரி குனிந்தார்.

"இப்பவே சுருள எடுத்துடறேன். மீதி வீணாப் போனாப் போகட்டும். சாயந்திரத்துக்குள்ள அவங்க படம் உங்க கையில இருக்கும்."

அவர் கேமராவை எடுத்துப் பின்சுற்றும் திருகைத் தொட்டதும் இவாசேயின் கை தானாக நீண்டு தடுத்தது.

"வேணாம். முடியட்டும். மத்தவங்க படமும் இருக்குல்ல."

"அவங்களுக்கு நான் சொல்லிக்கறேன்."

"வேணாம்னா விடுங்க தம்பி."

தான் ஏன் அப்படிச் சொன்னோம் என்று ஆற்றோரமாக நடந்து போகும்போதுதான் அவருக்குப் புரிந்தது. கினுயோவை அவர் பார்த்து முடித்துவிட்டார். ஆல்பம், அலமாரி, செருப்பு எல்லாவற்றிலும் பார்த்து முடித்துவிட்டார். புதிதாகப் பார்க்க ஒன்றே ஒன்றுதான் பாக்கி இருந்தது. அது அந்தக் கறுப்புப் பெட்டிக்குள் இருட்டில் சுருண்டு கிடந்தது. அதையும் பார்த்துவிட்டால் பிறகு என்ன இருக்கிறது?

அதனால் அவர் காவலுக்கு உட்கார்ந்தார். நிஜமாகவே உட்கார்ந்தார். நிவா கடையின் மூலையில் ஒரு முக்காலி இருந்தது. காலையில் கடை திறந்ததும் வருவார். யாராவது அந்தக் கேமராவை வெள்ளோட்டம் பார்க்க வந்தால் சுருள் குறையும். வாங்கிவிட்டாலோ வெள்ளோட்டக் கேமராவுக்கே வேலை இல்லை, நிவா அதைப் பிரித்துத் துடைத்துவிடுவார். ஆகவே காலமெல்லாம் விற்ற வாய், முதல்முறையாக விற்கவிடாமல் பேச ஆரம்பித்தது.

கண்ணாடி போட்ட ஒரு பேராசிரியர் வந்து கேமராவைக் கையில் எடுத்தார்.

"எடுங்க, எடுங்க," என்றார் இவாசே மூலையிலிருந்து. "கழுத்து எலும்பு நல்லா இருக்குல்ல?"

"என்ன சொல்றீங்க?"

"கனம்ங்க. போன மாசம் ஒருத்தர் மாட்டிக்கிட்டுப் போனாரு. இப்ப அவருக்குக் கழுத்தே இல்ல. சட்டைக் காலர் வாங்கற செலவு மிச்சம்னு சொன்னாரு, நல்ல மனுஷன்."

பேராசிரியருக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. இன்னொருவரிடம், இந்தக் கேமரா பூனைகளைக் கிளப்பிவிடும், பாலத்தில் இருபது பூனை துரத்தியதைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சத்தியம் செய்தார். ஒரு தேனிலவுத் தம்பதியிடம், இதில் எடுத்தால் மாமியார் உயரமாகத் தெரிவார் என்றார். அந்தப் பெண் கணவனை இழுத்துக்கொண்டு ஓடியே போனாள்.

"இவாசே சான், நான் பிழைக்கணுமா வேணாமா?" என்று நிவா கேட்டார். கேட்டாரே தவிர, மறுநாள் முக்காலியில் ஒரு மெத்தை போட்டிருந்தார்.

சாம்பலைக் கல்லறையில் சேர்க்கும் நாளும் வந்துபோனது. வெயில் தணிந்து, ஆற்றங்கரை மரங்கள் மஞ்சளாகின. சுருளில் இன்னும் பாக்கி இருந்தது.

அப்போதுதான் மினோரி வந்தாள். பல் மருத்துவமனையில் உதவியாளர், மத்தியான இடைவேளையில் சீருடைமேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். நிவா வெளியே டீ வாங்கப் போயிருந்தார். இவாசே தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பாப்பா, அந்தக் கேமரா வாய் பேசற ஆளுங்களப் பாத்தா நின்னுபோயிடும்."

"அப்போ உங்களுக்கு ரொம்ப நாளா வேல செஞ்சிருக்காதே, தாத்தா," என்றாள் அவள், நிமிர்ந்துகூடப் பார்க்காமல். "எனக்குப் பரவால்ல. நாள் முழுக்க ஊரார் வாயக் குடைஞ்சு பாத்துக்கிட்டு இருக்கேன். வாயே இல்லாத படமா எடுக்கணும்னுதான் ஆசை."

இவாசே அடுத்த பொய்யைத் தேட வேண்டியிருந்தது. அது ஒசாகா வரலாற்றிலேயே முதல் தடவை. அதற்குள் அவள் கேமராவைக் கண்ணில் வைத்துக் கடையைச் சுற்றிப் பார்த்தாள்.

"ஆகா, இதான் எனக்குப் பிடிச்சது. கோட்டுக்குள்ள இருக்கறது மட்டும்தான் படத்துல விழும், ஆனா வெளியில இருக்கறதும் தெரியுது பாருங்க. யாரு உள்ள வரப்போறாங்கன்னு முன்னாடியே தெரிஞ்சுடும். இப்ப நீங்க வெளியில இருக்கீங்க, தாத்தா."

"எதுக்கு வெளியில?"

"கோட்டுக்கு. ஜன்னல்ல தெரியறீங்க. அழுத்தினா விழமாட்டீங்க."

முக்காலி கிறீச்சிட்டது. இவாசே எழுந்து நின்றிருந்தார்.

"கோடு... ஓரம் கோணாம இருக்கத்தானே?"

"இல்லையே. கோடுதான் படம். கோட்டுக்கு வெளியில இருக்கறது சும்மா நமக்குத்தான்." அவள் கேமராவை இறக்கினாள். "தாத்தா? உடம்பு சரியில்லையா?"

ஈடு எதுவும் வைக்காமல் இருவரும் கேமராவோடு பாலத்துக்குப் போனார்கள். டீயோடு திரும்பிய நிவா, வாசலிலிருந்து அவர்கள் போவதைப் பார்த்தார், கூப்பிடவில்லை. வாய் திறந்த சிங்கத்தின் பக்கத்தில் ஒரு இடத்தைக் காட்டி, "அங்க நில்லும்மா. இன்னும் கொஞ்சம் தள்ளி. அங்கதான்," என்றார் இவாசே. அவள் ஏன் என்று கேட்கவில்லை. அவருடைய குரலில் வாணலிக்காரர் இல்லை.

அவர் கண்ணில் வைத்தார். துடைத்த ஜன்னல். சிங்கம் நடுவில், நாலு வெள்ளைக் கோட்டுக்குள், ராஜா மாதிரி. கோட்டைத் தாண்டி, ஜன்னலின் ஓரத்தில், காற்றில் முடி பறக்க அந்தப் பெண் நின்றாள். எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாள்!

"நான் தெரியறேனா?" என்று அவள் கத்தினாள்.

"தெரியற," என்றார் இவாசே. "நல்லாத் தெரியற."

கேமராவைக் கீழே இறக்க அவருக்கு வெகு நேரம் பிடித்தது. மினோரி வந்து பக்கத்தில் நின்றாள். தன் கைக்குட்டையை நீட்டினாள்.

"யாரு அங்க நின்னாங்க?"

"எங்க வீட்டுக்காரம்மா. சிரிச்சுக்கிட்டே நின்னா."

சிங்கத்தின் தொண்டைக்குள் ஒரு குருவி போய் உட்கார்ந்தது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு இவாசே கேமராவை அவளிடம் கொடுத்தார். "மிச்சத்த நீயே எடு, பாப்பா. எல்லாத்தையும் எடுத்து முடி. ஆத்த எடு, படக எடு. யாரையாவது எடுத்தா நடுவுல நிறுத்தி எடு."

"நடுவுல நிறுத்தினா பாஸ்போர்ட் மாதிரி இருக்குமே."

"இருக்கட்டும்."

கேமராவை அவளே வாங்கினாள், தவணையில். வாங்கும்போது இவாசே முக்காலியிலிருந்து ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "நல்ல கேமரா. அழுத்தும்போது கண்ண மூடாது."

படம் வந்தது. நிவா உறையில் போட்டு இரண்டு கையாலும் நீட்டினார். தபாலில் அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. ஏற்கெனவே பார்த்திருக்கிறார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. "அன்னைக்கு நான் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கணும்," என்றார்.

"நான்தான் விடலையே, தம்பி."

படத்தில் கினுயோ இல்லை. வாய் திறந்த சிங்கம், பிடரியின் ஒவ்வொரு சுருளையும் எண்ணிக்கொள்ளலாம் போல, இதுவரை இவாசே எடுத்த எந்தப் படத்திலும் இல்லாத துல்லியத்தில் உட்கார்ந்திருந்தது. கீழே கல்லில் குடையின் நிழல் ஒரு துண்டு. வலது ஓரத்திலிருந்து, மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே தொடங்கி, ஒரு கை மட்டும் உள்ளே நீண்டிருந்தது. காய்கறி நறுக்கியபோது பட்ட பழைய தழும்பு, கழற்ற முடியாமல் போன மோதிரம், விரல்களுக்கு நடுவே வட்டமாக லென்ஸ் மூடி. சிங்கத்தின் வாய்க்கு நேராக.

இத்தனை வருஷப் படங்களிலும் முகத்தை மறைத்த கை. மறைக்க மறந்த ஒரே நாளில், அது மட்டும் வந்திருந்தது.

வீட்டில் வழிபாட்டு மாடத்தின் பக்கத்தில் கிமோனோக்காரியின் படம் இருந்தது. இவாசே அதை எடுத்துத் துடைத்து, மொரிதா அம்மாளின் தோளை நினைத்து ஒரு தடவை தலைகுனிந்து, பெட்டிக்குள் வைத்தார். அந்த இடத்தில் கையை வைத்தார். ஊதுவத்தி கொளுத்த வந்த மொரிதா அம்மாள் திகைத்துப்போனாள்.

"என்ன இவாசே சான், இது சிங்கமால்ல இருக்கு! கினுயோ சான் எங்க?"

"இதோ, இங்கதான்," என்று இவாசே படத்தின் சட்டத்தைத் தாண்டி, வெறும் சுவரில் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினார். மொரிதா அம்மாள் சுவரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், பிறகு மணியைத் தட்டிவிட்டுக் கைகூப்பினாள்.

அவள் போன பிறகு அவர் மாடத்தின் முன்னால் தனியாக உட்கார்ந்தார். அன்று அவள் எப்படிச் சிரித்தாள் என்று யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. வெயில் பல்லில் பட்டதும், ஜன்னல் இருளாமல் இருந்ததும், சைக்கிள்காரன்கூடத் திரும்பிப் பார்த்ததும். ஆறு நின்று கேட்கும்படி சொல்லலாம். அவருக்குச் சொல்லத் தெரியாததா?

வாயைத் திறந்தார். கை அங்கே இருந்தது, மூடியோடு.

இவாசே வாயை மூடிக்கொண்டார்.